பஞ்சாலையில் பிறந்த செயின்

மோட்டார் சைக்கிளைவிட அதன் செயின் வயதில் மூத்தது. பெட்ரோலில் ஓடும் இரண்டு சக்கர வண்டி என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத 1880-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் அது பிறந்தது. செய்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தின் ஆராவ் ஊரில் பிறந்து, 1873-இல் மான்செஸ்டருக்குப் பிழைக்க வந்தவர். 1879-இல், ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் நடத்திவந்த சிறிய செயின் பட்டறையை விலைக்கு வாங்கினார். அந்தப் பட்டறையிலிருந்து செயின் போனது பஞ்சாலை எந்திரங்களுக்கு.

ஸ்லேட்டரின் செயின் ஓடியது, ஆனால் சீக்கிரம் தேய்ந்தது. தகடுகளைக் கோக்கும் ஆணியில் உரசுகிற இடம் மிகக் குறுகல். இழுக்கிற பாரம் முழுவதும் அந்தக் குறுகிய விளிம்பில் போய் விழும். ரெனால்ட் ஆணியின் மேல் ஒரு சிறிய எஃகுக் குழாயைப் போட்டு, அந்தக் குழாயை உள்தகடுகளோடு இறுக்கிவிட்டார். ஆணி குழாயின் உள்ளே முழு அகலத்துக்கும் உரசியது. பாரம் பரவியது. குழாயின் வெளியே தனியாகச் சுழலும் ரோலர் பல்லில் போய் உட்கார்ந்தது. அந்தக் குழாய்க்கு இன்றைக்கும் புஷ் என்றுதான் பெயர். நூற்று நாற்பது வருஷம் கழிந்தும் அந்த அமைப்பில் யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. 112 கண்ணி உள்ள செயின் ஒன்றைப் பிரித்துப் போட்டால் தகடு, ஆணி, புஷ், ரோலர் என்று 560 உருப்படிகள் தரையில் கிடக்கும். அத்தனையும் சால்ஃபோர்டு கணக்குத்தான்.

பஞ்சாலைக்குச் செய்ததை முதலில் கடன் வாங்கியது சைக்கிள். 1885-இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் மிதிகட்டை நடுவிலும் செயின் பின்சக்கரத்துக்கும் என்ற இன்றைய அமைப்பு வந்துவிட்டது. அடுத்து செயின் ஆகாயத்துக்கே போனது. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903-இல் பறந்த அவர்களுடைய விமானத்தில் ஓர் எஞ்சின், பின்னால் இரண்டு விசிறி. எஞ்சினிலிருந்து விசிறிக்கு விசையைக் கொண்டுபோனவை இரண்டு செயின்கள். விசிறிகள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை மட்டும் எட்டு போலக் குறுக்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். அந்தச் செயின் இண்டியானாபொலிஸ் நகரத்து டைமண்ட் கம்பெனியில் செய்தது. அதே டைமண்ட் பெயர் பிறகு முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து அம்பத்தூருக்கு வந்து, டிஐ டைமண்ட் செயின் ஆனது. நம் ஊர் வண்டிகளில் பாதிப்பேர் காலடியில் ரைட் சகோதரர்களின் சொந்தக்காரன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஆச்சரியம், மோட்டார் சைக்கிள்தான் செயினை நம்பத் தயங்கியது. ஆரம்பகாலத்து வண்டிகள் பெரும்பாலும் தோல் பெல்ட்டில் ஓடின. பெல்ட்டுக்குச் சத்தம் கிடையாது, உதறலையும் வாங்கிக்கொள்ளும். மழை பெய்தால் மட்டும் வழுக்கும். மேட்டில் ஏறும்போதும் வழுக்கும். 1911-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்தை முதல்முறையாக மலைப்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷம் சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் அமெரிக்காவின் இண்டியன் வண்டிகளுக்கு. முதலில் வந்தவர் ஆலிவர் காட்ஃப்ரி. அந்த வண்டிகளில் இரண்டு கியர் இருந்தது, செயின் இருந்தது. பெல்ட் வண்டிக்காரர்கள் ஊருக்குத் திரும்பி யோசிக்க ஆரம்பித்தார்கள். தோற்றுப்போன பெல்ட், நார் வைத்த ரப்பராக உருமாறி இப்போது ஓசூரில் தயாராகும் ஏதர் ஸ்கூட்டரில் ஓடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா ஸ்கூட்டரோ மூன்றாம் தலைமுறையில் பெல்ட்டை விட்டுச் செயினுக்கு மாறிவிட்டது. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

பஞ்சாலையில் பிறந்த செயினுக்கு நம் பக்கத்திலும் ஒரு பஞ்சாலை ஊர் உண்டு. கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையைத் தொடங்கியது 1888-இல். அதன்பிறகு ஆலைமேல் ஆலையாக வந்து, ஊருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் ஆனது. ஆலை இருக்கிற ஊரில் ஆலைக்கு உதிரிபாகம் செய்கிற லேத் பட்டறையும் வார்ப்படமும் தானாக முளைக்கும். மான்செஸ்டரில் நடந்தது இங்கும் நடந்தது. அந்த ஊரின் கணபதி பகுதியில் எல்ஜிபி என்று எல்லோரும் சொல்லும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் கம்பெனியின் ரோலான் செயின் இந்தியா முழுக்கப் போகிறது. 2008-இல் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைச் செயின் பிரிவில் பெரும்பங்கை வாங்கியது யார் தெரியுமா? மான்செஸ்டர் ரெனால்ட். ஸ்லேட்டரின் பட்டறையை வாங்கிய அதே வீட்டு வாரிசு.

செயின் தொழிற்சாலையில் முதலில் காதில் விழுவது பவர் பிரஸ்ஸின் அடி. எஃகுத் தகடு சுருளாக வந்து பிரஸ்ஸில் நுழையும். எட்டு வடிவத்தில், இரண்டு துளையோடு சின்னச் சின்னத் தகடாக வெட்டுப்பட்டு விழும். ஆணிக்குக் கம்பியை நறுக்குவார்கள். பிறகு உலை. ஆணியும் புஷ்ஷும் மேல்தோல் கல் போலவும் உள்ளே கொஞ்சம் வளைந்துகொடுக்கிற மாதிரியும் இருக்க வேண்டும். முழுக்கக் கெட்டியாக்கினால் ஒரு உதறலில் முறிந்துவிடும், முழுக்க மென்மையாக விட்டால் மாதத்தில் தேய்ந்துவிடும். அதற்காகக் கரி ஊட்டி, மேல்பரப்பை மட்டும் கெட்டியாக்குகிறார்கள். கோத்து, ஆணித்தலையைத் தட்டி விரித்தபின் செயினைப் பெரிய பாரத்தில் ஒருமுறை இழுத்துவிடுவார்கள். எல்லா மூட்டும் அதனதன் இடத்தில் உட்காருவதற்காக. கடைசியில் சூடான எண்ணெயிலோ கிரீஸிலோ முக்கி எடுப்பார்கள். புதுச் செயினில் கொழகொழவென்று இருப்பது அதுதான். அதை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிவிட்டுப் பளபளவென்று மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செயினுக்கு அதன் வாழ்நாளில் கிடைத்த ஒரே முழுமையான எண்ணெய்க் குளியல் அது. அதைத்தான் கழுவுகிறார்கள்.

செயின் பெட்டியின்மேல் 428 என்று இருக்கும். முதல் எண்ணை எட்டால் வகுத்தால் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி அங்குலத்தில் வந்துவிடும். எட்டில் நாலு, அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 520 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மில்லிமீட்டர். மற்ற இரண்டு எண்கள் உள் அகலத்துக்கு. 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428. அது தனியாக வருவதில்லை. சின்ன ஸ்ப்ராக்கெட், பெரிய ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றும் சேர்ந்து செயின் கிட் என்று சென்னை ஜி.பி. ரோடு கடைகளிலிருந்து கிராமத்து ஸ்பேர்ஸ் கடைவரை அட்டைப்பெட்டியில் தொங்குகிறது.

வண்டியில் ஏறியபின் அது என்ன பாடு படுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செயினில் 112 கண்ணி, முன்னால் 14 பல், பின்னால் 42 பல், பதினெட்டு அங்குலச் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.87 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு 535 சுற்று. அதற்குள் செயின் முழுதாக 200 தடவை வலம் வந்துவிடும். ஒவ்வொரு வலத்திலும் ஒவ்வொரு மூட்டும் நான்கு தடவை மடங்குகிறது. சின்ன ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது, இறங்கும்போது, பெரியதில் ஏறும்போது, இறங்கும்போது. கிலோமீட்டருக்கு 800 மடக்கு. இருபதாயிரம் கிலோமீட்டரில் ஒரு கோடியே அறுபது லட்சம். மடக்கும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 42 பல் சக்கரத்தில் எட்டரை டிகிரி மடங்கினால் போதும். 14 பல்லில் கிட்டத்தட்ட இருபத்தாறு டிகிரி. செயினைக் கொல்வதில் பெரிய பங்கு முன்னால் கவருக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்கு.

அத்தனை மடக்கிலும் ஆணி புஷ்ஷுக்குள் உரசுகிறது. நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் தேய்மானம் மிக மெதுவாக நடக்கும். இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் நேராக உரசி, தேய்ந்த தூள் துருவாகிச் செந்தூளாக மூட்டின் ஓரத்தில் கசியும். செயின் லூசாகிவிட்டது என்று நாம் சொல்வதெல்லாம் இந்த உரசலின் கூட்டுத்தொகை. தகடு இழுபட்டு நீளுவது கிடையாது. கண்ணிக்குச் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால்கூட 112 கண்ணிக்கு 28 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. செயின் சக்கரத்தை மேலும் கீழுமாகச் சுற்றி வருவதால், அந்த 28-ஐ ஈடுகட்டச் சக்கரத்தைப் பின்னால் தள்ள வேண்டியது அதில் பாதிதான், 14 மில்லிமீட்டர். பின்சக்கரத்து அச்சின் இரு பக்கமும் சுவிங் ஆர்மில் நீளமான காடி இருப்பதும், அதில் கோடு கோடாகக் குறி போட்டிருப்பதும் அதற்காகத்தான்.

இனி வீட்டு வாசலுக்கு வரலாம். செயின் வாழ்க்கையில் பாதி முடிவாவது அங்கேதான்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரல் பண்ணி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. துணி பல்லில் மாட்டும், துணியைப் பிடித்த விரலும் கூடவே போகும். கையால் மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றினாலே போதும். அவசரம் என்ன?

பெரும்பாலான வீட்டு வண்டிகளில் செயின் கவர் முழுக்க மூடியிருக்கும். கீழ்ப்பக்கம் நடுவில் ஒரு ரப்பர் மூடி உண்டு. எத்தனையோ பேர் வண்டியை விற்கும்வரை அதைத் திறந்து பார்த்ததில்லை. அதை நகத்தால் நெம்பி எடுத்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் செயினை மேலே தள்ளி, பிறகு கீழே விட்டுப் பார்த்தால் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். 100, 125 சிசி வண்டிகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம். வண்டிக்கு வண்டி மாறும். கைப்புத்தகத்தில் இருக்கும், சில வண்டிகளில் சுவிங் ஆர்மில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருப்பார்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தூக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். எந்தச் செயினும் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்வதில்லை. ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தொங்கும். மிகவும் இறுகிய இடத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்தை வைத்துத்தான் அளவு. தொங்குகிற இடத்தை வைத்து டைட் பண்ணினால் இறுகிய இடம் வரும்போது செயின் கம்பியாக விறைத்துவிடும்.

எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள் என் காதுபட நடந்தது.

“ஏனுங்ணா, செயின் ரொம்ப லூசா கெடக்குது. நல்லா டைட்டா வெச்சு வுட்டர்றனுங்?”

“வேண்டாம் தம்பி. ரெண்டு பேரு உக்காந்தா எப்படி இருக்குதுன்னு பாத்து வைங்க.”

“அப்படி வெச்சா கவர்ல தட்டுது, சத்தம் வருதுன்னு நாலு நாள்ல மறுக்கா வந்துருவீங்ணா. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க.”

அந்தத் தம்பி சொன்னதில் தப்பு இல்லை. செயினை டைட்டாக வைப்பது மெக்கானிக்கின் அறியாமையால் என்று நினைத்துக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளலாம். சத்தத்துக்குப் பயப்படுகிற நாம்தான் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறோம். தொங்குகிற செயின் கடகடவென்று கவரில் தட்டி ஊரைக் கூட்டும். அளவுக்கு மேல் இறுகிய செயின் வாயே திறக்காது. ஓட்டுகிறவருக்கு வண்டி புதுசு மாதிரி இருக்கும். உள்ளே கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கும், அதன் வாயிலுள்ள ஆயில் சீலும், பின்சக்கரத்து பேரிங்கும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சின்ன ஸ்ப்ராக்கெட் கவரின் அடியில் எண்ணெய் கசிகிறது என்று பிறகு வேறொரு நாளில், வேறொரு வியாதியாக அது வந்து நிற்கும். லூசான செயினுக்கும் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. பல்லைவிட்டுத் தாண்டும், கழன்று சக்கரத்தைப் பூட்டினால் ஆளையே கீழே போட்டுவிடும். ஆனால் அது அதற்கு வெகு முன்பே நச்சரிக்க ஆரம்பித்துவிடும். என் கணக்கில் வீட்டு வண்டிகளில் அற்ப ஆயுளில் போகும் செயின்களில் பெரும்பாலானவை இறுக்கத்தால் போனவை.

ரெண்டு பேர் உட்கார்ந்தால் பார்க்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சுவிங் ஆர்ம் கீல் போட்டிருப்பது சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால், தனி இடத்தில். ஆள் ஏறி, ஷாக் அப்சார்பர் அமுங்கி, சக்கரம் மேலே வரும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடுகிறது. சின்ன ஸ்ப்ராக்கெட்டின் மையம், கீல், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது அந்தத் தூரம் உச்சம். ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாக இருந்த செயின், பின்னால் அம்மாவும் மடியில் அரிசி மூட்டையும் ஏறி வேகத்தடையில் இறங்கும்போது விறைத்து நிற்கும். கம்பெனிக்காரன் விட்டிருக்கும் 20, 30 மில்லிமீட்டர் அந்த நேரத்துக்கான சேமிப்பு. சோம்பலுக்கு விட்ட இடம் இல்லை.

டைட் பண்ணுவது அரைமணி நேர வேலை. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் பட்டையின் நட்டை முதலில் கொஞ்சம் லூஸ் செய்துகொள்ள வேண்டும். பிறகு அச்சின் பெரிய நட். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், கழற்ற வேண்டியதில்லை. அட்ஜஸ்டரில் லாக் நட் இருந்தால் அதையும் விடுவித்துக்கொண்டு, நட்டின் ஒவ்வொரு பட்டையாக, வலதில் எத்தனையோ இடதிலும் அத்தனை என்று திருப்ப வேண்டும். பழைய புல்லட்டில் நத்தை வடிவத் தகடு இருக்கும், அதில் படிப்படியாகத் தள்ளிவிட்டால் போதும். இருபக்கக் குறிகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது வழக்கம். நான் குறியை மட்டும் நம்புவதில்லை. பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செயினின் மேல்வரிசையை வரப்பு பார்ப்பதுபோல் பார்த்தால், ஸ்ப்ராக்கெட்டில் இறங்கும் இடத்தில் கோணுகிறதா என்பது தெரிந்துவிடும். கோணல் இருந்தால் ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக உராய்ந்திருக்கும்.

பெரிய நட்டை இறுக்கும்போது செயின் இன்னும் ஒரு சுற்று டைட் ஆகும். ஆகவே இறுக்கியபிறகு மறுபடியும் அளக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது, எல்லோரும் மறப்பது. சக்கரம் பின்னால் போனதால் பிரேக் ராடு இழுபட்டு, பின் பிரேக் தானாகவே டைட் ஆகியிருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் கரகரவென்று பிடிப்பது தெரியும். ராடின் கடைசியில் இருக்கும் நட்டைத் திருப்பி, பெடலுக்கு உரிய ஆட்டத்தைத் திரும்ப வைத்து, பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் ஓட்டினால் டிரம் சூடேறும், பெட்ரோலும் வீணாகும். பழி செயின்மேல் விழும்.

எண்ணெய் விஷயத்தில் ஊர் இரண்டு கட்சி. ஒரு கட்சி சர்வீஸில் கழித்த பழைய எஞ்சின் ஆயிலைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வைத்து ஊற்றுகிறது. அதில் எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகப் பொடியும் கரியும் கலந்திருக்கும், தண்ணீராய் இருப்பதால் பாதி பின் டயருக்குத் தெறித்துவிடும். இன்னொரு கட்சி வெளியில் கிரீஸை அப்புகிறது. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் எண்ணெய் வேண்டியது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். கெட்டியான கிரீஸ் அந்த இடுக்கில் நுழையாது. வெளியே உட்கார்ந்து நம் ஊர்ப் புழுதி முழுவதையும் பிடித்து, உப்புத்தாள் மாதிரி ரோலரைத் தேய்க்கும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டு, 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் ஸ்ப்ரேயையோ போடலாம். எங்கே போடுவது என்பதும் முக்கியம். கீழ்வரிசைச் செயினின் உள்பக்கம், தகட்டும் தகட்டும் சேரும் இடுக்கில். அங்கே போட்டால் சக்கரம் சுற்றும் வேகமே அதை வெளிப்பக்கமாகத் தள்ளி மூட்டுக்குள் அனுப்பும். ஓட்டிவிட்டு வந்து, செயின் இளஞ்சூட்டில் இருக்கும்போது போட்டு ராத்திரி அப்படியே விட்டால் இன்னும் நல்லது. காலையில் கிளம்பும் அவசரத்தில் அடித்த ஸ்ப்ரே முதல் தெரு தாண்டுவதற்குள் பேன்ட்டில் இருக்கும்.

பெரிய வண்டிகளின் ஓ-ரிங் செயின் கொஞ்சம் வேறு ஜாதி. ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து, தகடுகளின் நடுவே ரப்பர் வளையம் வைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே நாம் எதுவும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அதைப் பெட்ரோலில் கழுவுவதும், கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும், வாட்டர் சர்வீஸில் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் அடிப்பதும் அந்த வளையத்தை அழித்துவிடும். வளையம் போனால் கிரீஸ் போனது, பிறகு அது வெறும் விலை அதிகமான செயின்.

ஐப்பசி, கார்த்திகை மழை செயினுக்குப் போதாத காலம். மூடிய கவர் இருக்கிற வண்டிகள் அந்த இரண்டு மாதத்தை எளிதாகக் கடந்துவிடும். கவர் ஸ்டைலாக இல்லை என்று கழற்றி வீட்டு மேல்தளத்தில் போட்டவர்களின் செயின், மழை விட்ட மூன்றாம் நாளே சிவந்து நிற்கும். கவரைக் கழற்றுவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. பின்சக்கரத்தில் பாதியையாவது மூடியிருக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்கக் கூடாது என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. சேலை கார்டு அதற்காக வந்ததுதான். செயின் கவரும் துப்பட்டாவைத் தினமும் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது.

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் முடிவு வரும். அது வந்துவிட்டதா என்று அறிய மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை, ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். 428 செயினில் இருபது கண்ணியின் நீளம், இழுத்துப் பிடித்து, ஆணி மையத்திலிருந்து ஆணி மையம்வரை 254 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 257-ஐ நெருங்கினால் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். 259 என்றால் இரண்டு சதவீதம் போய்விட்டது, இனிமேல் அட்ஜஸ்டரில் இடம் மீதி இருந்தாலும் ஓட்டக் கூடாது. கவர் இல்லாத வண்டியானால் பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் அதே தீர்ப்பு. கண்ணியின் இடைவெளி கூடியதால் ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காருகிறது. அப்படி ஏறி ஏறித்தான் பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கியாகிறது.

கொக்கியான பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் பழையதன் வயதை அடைந்துவிடும். சின்ன ஸ்ப்ராக்கெட், பெரிய ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் இல்லை. கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்பதுதான் தந்திரம். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்க, நீளம் மட்டும் குறையும். பல்லுக்கும் கண்ணிக்கும் பொருத்தம் போனது போனதுதான். புதுச் செயினை மாட்டும்போது லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், ஏதாவது தட்டினால் கிளிப் கழன்று பறந்துவிடும். மாட்டி முதல் 500 கிலோமீட்டருக்குள் மறுபடியும் ஒருமுறை ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். புதுசு ஆரம்பத்தில் கொஞ்சம் சீக்கிரமாகவே தளரும், அதற்குப் பிறகு வெகுநாள் அமைதியாக இருக்கும்.

கழற்றிய பழைய செயின் ஒர்க்‌ஷாப் மூலையில் கருப்புப் பாம்புக் குவியலில் போய்ச் சேரும். நம் சினிமா ரவுடிகள் கையில் சைக்கிள் செயினைச் சுற்றிக்கொண்டு வந்த காலம் ஒன்று உண்டு. 428-ஐ அப்படிச் சுற்ற முடியாது, கை வலிக்கும். மெக்கானிக் அதில் ஒரு முழம் வெட்டி, ஒரு பட்டைக் கம்பியின் முனையில் பற்றவைத்துக்கொள்வார். சின்ன ஸ்ப்ராக்கெட்டின் நட்டைக் கழற்றும்போது ஸ்ப்ராக்கெட் சுற்றாமல் பிடிக்க அதைவிட நல்ல கருவி கடையில் கிடையாது. ஒரு துண்டு கடை ஷட்டருக்குப் பூட்டுச் சங்கிலியாகும். மீதியைப் பழைய இரும்புக் கடைக்காரர் மாதம் ஒருமுறை சாக்கில் கட்டி எடுத்துப் போவார். எண்ணெயும் அழுக்கும் சேர்த்து நிறுத்தால் எடை அதிகம் வருகிறது என்று அவர் கழிவு கேட்பார், இவர் தர மாட்டேன் என்பார்.